நிற்காமல் பார்க்க வேண்டிய பூங்கா

பிரான்ஸில் ஒரு சிற்றூரின் மேயர் தன் ஊரைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ள அவரைப் பேட்டி காண வேண்டியதில்லை. ஊர் முகப்பிலுள்ள ரவுண்டானாவைப் பார்த்தால் போதும். சிரமம் என்னவென்றால், பார்க்க விடமாட்டார்கள். கொஞ்சம் தயங்கினாலும் பின்னால் வரும் டிராக்டர் ஹாரன் அடிக்கும்.

உலகத்திலேயே ரவுண்டானா அதிகமுள்ள நாடு என்று பிரான்ஸைத்தான் சொல்கிறார்கள். 30,000-க்கு மேல் என்பது அடக்கமான கணக்கு. முன்பெல்லாம் வலப்பக்கமிருந்து வட்டத்துக்குள் நுழைகிறவருக்கே முன்னுரிமை. நுழைகிறவர் நுழைந்துகொண்டே இருப்பார். உள்ளே மாட்டியவர் வெளியே வர வழியிராது. 1983-இல் வந்த ஆணை அதைத் திருப்பிப்போட்டு, சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முதலிடம் என்றது. (பாரீஸ் வெற்றி வளைவைச் சுற்றி இன்னும் பழைய முறைதான். அங்கே ஓட்டுகிறவர்கள் முகத்திலேயே அது எழுதியிருக்கும்.) அதற்கு முந்தைய ஆண்டுதான் உள்ளாட்சிகளுக்கு அதிகாரத்தைப் பகிர்ந்தளிக்கும் சட்டமும் வந்திருந்தது. வட்டமும் கிடைத்தது, அதிகாரமும் கிடைத்தது; மேயர்கள் சும்மா இருப்பார்களா?

நடுத்திட்டை மேடாக்குவது பொறியாளர்களின் ஏற்பாடு. எதிர்ப்பக்கச் சாலை கண்ணில் படாவிட்டால்தான் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். ஆனால் மேடு என்று ஒன்று வந்துவிட்டால், அதன்மேல் எதையாவது வைக்காமல் மனிதனால் இருக்க முடியாது. ஒயின் நாட்டில் எதை வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ளவும் தேவையில்லை.

போர்தோவுக்கு வடக்கே மெடோக் வட்டாரத்தில் தங்கை காரோட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். கோயிலில் வலம்வந்தே பழகியவனுக்கு இங்கே எல்லாமே அப்பிரதட்சிணம். முதல் வட்டத்தில் மூலவர், வண்டிமேல் ஏற்றிய ஓக் மரப் பீப்பாய். அடுத்ததில் பாட்டன் காலத்துத் திராட்சை பிழியும் பொறி. அதற்கடுத்ததில் நிஜத் திராட்சைக் கொடியே நாலு வரிசை, வரிசைக்கு முன்னால் ரோஜாச் செடி, சுற்றிலும் வெள்ளைச் சரளை. பிறகு மறுபடியும் பீப்பாய். போர்தோ பீப்பாய் 225 லிட்டர், பர்கண்டிப் பீப்பாய் 228 லிட்டர் என்று இரு வட்டாரத்தாரும் தனித்தனியாகப் பெருமைப்படுவார்கள். காரிலிருந்து அந்த மூன்று லிட்டரைக் கண்டுபிடிப்பவருக்கு நான் கோயில் கட்டத் தயார்.

“அண்ணே, எதுக்கு எல்லாத்துலயும் திராட்சை?” என்றாள் தங்கை. “ரெண்டு பக்கமும் அடிவானம் வரைக்கும் அதானே நிக்குது!”

நியாயமான கேள்வி. மீனவக் குப்பத்து நடுவில் மீன் தொட்டி வைப்பார்களா?

தொலைக்காட்சியில் மது விளம்பரமே கூடாது என்று 1991-இல் சட்டம் போட்ட நாடு இது. பீப்பாய் விளம்பரமாகாது; அது பாரம்பரியம். யாரும் வாய்திறக்க முடியாது. மேயருக்கும் செலவில்லை. சிற்பியைக் கூப்பிட்டால் பணம் கேட்பார், அதைவிட மோசம், கருத்துச் சொல்வார். பீப்பாய் கருத்துச் சொல்லாது.

இவ்வளவு பாடுபட்டு அமைத்த பூங்காக்களில் தோட்டக்காரர் தவிர வேறு கால் படுவதில்லை. 2018 நவம்பரில் எரிபொருள் வரியை எதிர்த்துக் கிளம்பிய மஞ்சள் அங்கிக்காரர்கள்தான் நாடெங்கும் ரவுண்டானாக்களில் குடிசை போட்டு, அடுப்பு மூட்டி, சில இடங்களில் கிறிஸ்துமஸே கொண்டாடினார்கள். அரசாங்கத்துக்குக் கோபம். எனக்கென்னவோ, அந்த மேடுகளை மதித்த முதல் ஆட்கள் அவர்கள்தான் என்று படுகிறது.

எங்களுக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. ஒரு வட்டத்தின் ஓரமாகப் போலீஸார் நின்று, குடித்திருக்கிறார்களா என்று ஊதச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நடுத்திட்டில் இருந்த பெரிய பீப்பாய் சாட்சியாக. தங்கை ஊதி முடிக்கும்வரை நான் கண்குளிரப் பார்த்தேன். அடிப்பலகை உளுத்திருந்தது; உள்ளே ஜெரேனியத் தொட்டியும் சொட்டுநீர்க் குழாயும். நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்ட போலீஸ்காரர் அவளிடம் ஏதோ சொன்னார்.

“என்னவாம்?”

“வேணும்னா இன்னொரு சுத்து சுத்திப் பாத்துட்டே போகலாமாம், அண்ணே. நிக்கத்தான் கூடாதாம்.”