அக்கூபாவுக்கு மாப்பிள்ளை வந்த கதை

லண்டன் தமிழர் வீடுகளில் இரண்டு செடிகளைத் தவறாமல் காணலாம். ஒன்று கறிவேப்பிலை. ஹீற்றருக்குப் பக்கத்தில் குடியிருக்கும். குளிர்காலத்தில் பிள்ளைகளுக்குக்கூடக் கிடைக்காத கவனிப்பு அதற்குக் கிடைக்கும். ஆனாலும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இலையைக் கொட்டும். மற்றது அக்கூபா. அதை யாரும் வளர்ப்பதில்லை. வீடு வாங்கும்போதே குப்பைத் தொட்டிக்குப் பின்னால் நிற்கும்.

எங்கள் வீட்டில் அது வடக்குச் சுவரோரம், வெயிலைக் கேள்விப்பட்டு மட்டுமே அறிந்த மூலையில் ஆளுயரத்துக்கு நிற்கிறது. பனியிலும் உதிராத பச்சை இலை, அதன்மேல் மஞ்சள் புள்ளிகள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய மாமி ஒரே பார்வையில் தீர்ப்புச் சொன்னார்:

“உதென்ன தம்பி, நோய் பிடிச்ச குறோட்டன்? பிடுங்கி எறியுங்கோ.”

“நோயில்லை மாமி. ஜப்பான், கொரியா, சீனக் காடுகளில மர நிழலுக்குக் கீழ வளருற செடி. உந்தப் புள்ளியிலதான் வெள்ளைக்காரர் மயங்கினவை.”

மாமி நம்பவில்லை. கலியாணக் கதை என்றால் காது கொடுப்பார் என்று அந்த வழியால் போனேன். 1783இல் ஜோன் கிராஃபர் என்ற தோட்டக்காரர் அக்கூபாவை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். இந்த இனத்தில் ஆண் வேறு, பெண் வேறு. வந்தது பெண். தண்டை வெட்டி நட்டால் சுலபமாக வேர்விடும் என்பதால் வெட்டி வெட்டி நாடு முழுக்க நட்டார்கள். அத்தனையும் பெண்ணாகவே பெருகின. ஒன்றுகூடக் காய்க்கவில்லை. மாப்பிள்ளை தேடலாமென்றால் ஜப்பான் அந்நியருக்குக் கதவைச் சாத்தியிருந்தது.

“செவ்வாய்க் குற்றமோ?” என்றார் மாமி. அக்கறை வந்துவிட்டது.

கதவு திறந்ததும் தரகராகப் புறப்பட்டவர் ரொபர்ட் ஃபோர்ச்சூன். சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளைக் களவாக இந்தியாவுக்குக் கடத்திய அதே ஆள்.

“கள்ளனோ தரகன்?”

“அவர் கொண்டுவந்த மாப்பிள்ளை நல்ல இடம், மாமி. யோகோஹாமாவில ஒரு டொக்டர் வீட்டுத் தோட்டம்.”

டொக்டர் என்றதும் மாமி மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். 1861இல் மாப்பிள்ளை கிடைத்தார். பெண் காத்திருந்தது 78 வருடம். 1864இல் கென்சிங்டன் கண்காட்சியில், சிவப்புக் காய் குலுங்க நின்ற அக்கூபாவைப் பார்த்து இங்கிலாந்தே வாய் பிளந்தது. அதன் பிறகு அதை நடாத மூலை இல்லை. நிலக்கரிப் புகை, கடற்கரை உப்புக் காற்று, பெரிய மரத்தடியின் வறண்ட மண், எதற்கும் அசையாத செடி. பிறகு எங்கும் நின்றதாலேயே எல்லாருக்கும் சலித்துப்போனது.

“காயில ஊறுகாய் போடலாமோ?”

“வயித்தைக் கலக்கும் மாமி.”

ஊறுகாய்க்கு உதவாவிட்டாலும், 78 வருடம் காத்திருந்த பெண் என்ற இரக்கம் மாமிக்கு ஒட்டிக்கொண்டது. மறுநாள் முதல் காலையும் மாலையும் அரிசி கழுவிய தண்ணீர் போனது. சில வாரத்தில் இலை நுனி கறுத்தது. அக்கூபாவுக்கு ஆகாதவை இரண்டு: சுள்ளென்ற உச்சி வெயிலும் வேரில் தேங்கும் நீரும். முதலாவதை லண்டன் எப்போதாவதுதான் தரும். இரண்டாவதை அன்புள்ளவர்கள்தான் தருவார்கள். வாளியை ஒளித்துவைத்தேன். கண்டுகொள்ள ஆளில்லாமல் போனதும் அது தேறிவிட்டது. உள்ளே கறிவேப்பிலை தன் கடைசி இலையை உதிர்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் அக்கூபா இன்னும் காய்க்கவில்லை என்பதுதான் மாமியின் மிச்சக் கவலை. செடி விற்கும் கடைக்கு அழைத்துப்போனேன். அங்கே ‘ரோசானி’ என்றொரு வகை இருந்தது. ஆண் துணையில்லாமல் தானாகவே காய்க்கும் குட்டை அக்கூபா. விளக்கிச் சொன்னேன். மாமி சிறிது நேரம் அதை மேலும் கீழும் பார்த்தார்.

“தரகர் காசும் இல்லை, சீதனமும் இல்லை. இரண்டாய் எடுங்கோ தம்பி.”