உள்வட்டமா, வெளிவட்டமா?

65 பாகை வர வேண்டிய கோணத்துக்கு அண்ணன் பையன் 64 என்று எழுதிவிட்டானாம். சிவப்பு மையில் பெருக்கல் குறி, அரை மார்க் காலி. நேற்று அந்த நோட்டைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஆறவேயில்லை. பையன் கவலைப்படாமல் கேரம் ஆடுகிறான்.

கோணமானியின் ஆரம் சுமார் 5 செ.மீ. அதன் விளிம்பில் ஒரு பாகை என்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஷார்ப்னரைத் தொலைத்த பிள்ளை கோடு போட்டால் கோட்டின் தடிமனே அவ்வளவு இருக்கும்.  போதாக்குறைக்குக் கோணமானியில் இரண்டு வரிசை எண்கள்.

ஒன்று இடமிருந்து ஏறுகிறது, மற்றது வலமிருந்து ஏறுகிறது. 60 இருக்கும் இடத்திலேயே 120, 40 இருக்கும் இடத்திலேயே 140. எதைப் படிப்பது என்று கேட்டால், "குறுங்கோணமா விரிகோணமான்னு முதல்ல பாரு, அதுக்கேத்த எண்ணை எடு" என்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்ளத்தானே ஐயா கருவி? ஜோசியர் நம்மிடமே, "உங்களுக்கு என்ன நடக்கப்போகுதுன்னு சொல்லுங்க, பலன் பார்க்கிறேன்" என்பதுபோல் இருக்கிறது. 30, 150 என்றால் கண் சொல்லிவிடும். 88ஆ 92ஆ என்றால் கண்ணும் கைவிடும், கருவியும் கைவிடும். இரண்டு வரிசையும் ஒத்துப்போவது 90இல் மட்டும். அதைக் கண்டுபிடிக்க மூலைமட்டமே போதும். பூச்சியக் கோடாவது விளிம்பில் இருக்கிறதா? கொஞ்சம் மேலே தள்ளி இருக்கிறது. விளிம்பை வைத்து அளந்தால் தப்பு. பின்னே விளிம்பு எதற்கு? நிலா வரையவா?

பெயர் வைத்ததில் மட்டும் நியாயம் உண்டா? 1 பாகையும் 89 பாகையும் ஒரே குறுங்கோணம். 90க்கு மட்டும் தனிப்பெயர், தனிச் சின்னம், சதுரமாக. 180ஐத் தாண்டினால் பின்வளை கோணம். அங்கே கருவி கையை விரித்துவிடும்; கேட்ட கோணத்தை விட்டு மறுபக்கத்தை அளந்து 360இல் கழிக்க வேண்டும். அந்த 360 பாபிலோனியர் கணக்கின் மிச்சம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் செங்கோணத்தை 100 பங்காக்கிப் பார்த்தார்கள். அது இன்று கால்குலேட்டரில் 'கிராட்' என்று ஒளிந்திருந்து, தெரியாமல் அழுத்தியவனின் சைன் விடையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு மாடி எழும்புகிறது. கொத்தனார் ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி குறித்துக் குறுக்கே டேப் பிடிக்கிறார். ஐந்தடி வந்தால் மூலை சரி. அவரிடம் தூக்குக்குண்டு உண்டு, ரசமட்டம் உண்டு, கோணமானி கிடையாது. அரை அங்குலம் தள்ளிப்போனால், "பூசும்போது சரி பண்ணிக்கலாம் சார்" என்கிறார்.

அந்த வீட்டில் குடியேற நான் தயாரில்லை. ஆனால் ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்த அவரைத்தான் அனுப்ப வேண்டும்.