சைக்கிளும் நரசிம்ம நியாயமும்

மதுரை மாநகரின் வீதிகளுக்கு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று பெயரிட்ட முன்னோர், அந்தந்த மாதத்து உற்சவம் அந்தந்த வீதியில் நடக்கவேண்டும் என்ற திட்டத்தோடுதான் பெயரிட்டார்கள் என்பது இவ்வூரில் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியம்மனும் சுந்தரேசுவரரும் தேரேறிப் பவனி வருவது சித்திரை வீதியில் அல்ல, மாசி வீதிகளில். மாசியில் நடந்துகொண்டிருந்த தேரோட்டத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். மாதத்தை மாற்றிய மன்னர் வீதிப் பெயரை மாற்றாமல் விட்டது, சட்டம் ஓரிடத்திலும் நடைமுறை வேறோரிடத்திலும் இருப்பதில் அந்தக் காலத்திலேயே எவருக்கும் ஆட்சேபம் இருந்ததில்லை என்பதற்குப் பிரத்தியட்சப் பிரமாணம். தெய்வமே சித்திரை மாதத்தில் மாசிக்குள் பிரவேசிக்கிற ஊரில், சைக்கிளில் போகிற ஒரு சாமானியனைப் பார்த்து, 'உனக்கென்று விதித்த பாதையில் போ, விதித்த இடத்தில் நில்' என்று சொல்ல எந்த உத்தியோகஸ்தருக்கு நா எழும்?

இந்தப் பீடிகை எதற்கென்றால், நான் சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்கிற சைக்கிள்காரன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மதுரையில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் முடியாது. இது ஒரு சுபாவம், அவ்வளவுதான்; வயதான பிற்பாடு சுபாவத்தை மாற்றிக்கொள்ள வைத்தியம் கிடையாது. தல்லாகுளத்திலிருந்து புறப்பட்டுக் கோரிப்பாளையம் வந்து, 1889-இல் கட்டி முடிந்த ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் வழியாக வைகையைக் கடந்து, சிம்மக்கல் பக்கம் போய் வருவது என் நித்திய யாத்திரை. கோரிப்பாளையத்தில் மேம்பால வேலை தொடங்குவதற்கு முன், அச்சந்திப்பில் சிவப்பு விழும்போதெல்லாம் நான் கோட்டுக்கு இப்பால் ஒரு காலை ஊன்றி நிற்பேன். நான் நிற்கிறேன் என்ற அந்த ஒரே காரணத்தால் எனக்குப் பின்னால் ஒரு பொதுக் கவலை உற்பத்தியாகும்.

முதலில் ஹாரன் சப்தம். பிறகு ஓர் ஆட்டோக்காரரின் பரிவு மிகுந்த குரல்: "ஐயா, செயின் கழண்டுருச்சாங்கய்யா?" இல்லையென்று தலையசைத்தால் கவலை இயந்திரத்தை விட்டு மனிதனுக்கு மாறும். "பெருசுக்குக் கிறுகிறுன்னு வருது போல. யாராச்சும் ஓரமாக் கூட்டிட்டுப் போயி உக்கார வைங்கப்பா" என்பார் இன்னொருவர். ஒரு தடவை ஒரு புண்ணியவான் பக்கத்துக் கடையிலிருந்து சோடாவே வாங்கி வந்துவிட்டார். வேண்டாமென்று மறுப்பது மரியாதையல்ல என்பதால் குடித்து முடித்து, "ஒண்ணுமில்லப்பா, செகப்பு விழுந்திருக்கே, அதான் நிக்கிறேன்" என்றேன். அவர் விளக்கைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், என்னைச் சற்று நேரம் அதிகமாகவே பார்த்தார். பிறகு ஒரு குழந்தைக்கு எடுத்துச் சொல்லும் பொறுமையுடன், "அது வண்டிகளுக்குங்கய்யா" என்றார்.

அவர் சட்டம் படித்தவரல்லர் என்று எண்ணி அலட்சியமாக இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து புஸ்தகத்தைப் புரட்டியபோதுதான் அவர் வாக்கு எவ்வளவு சாஸ்திரோக்தமானது என்பது விளங்கிற்று. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 119-ஆம் பிரிவு, போக்குவரத்துக் குறிகளுக்குக் கட்டுப்பட்டு நடக்கும் கடமையை மோட்டார் வாகனம் ஓட்டுகிறவன் தலையில்தான் சுமத்துகிறது. சைக்கிளுக்கு மோட்டார் இல்லை. அதை ஓட்டுகிறவனுக்கு லைசென்ஸ் இல்லை. பின்னால் நம்பர் பலகை இல்லாததால், சந்திப்புக்குச் சந்திப்பு வைத்திருக்கிற காமிராக்கள் அவனைப் படம் பிடித்தாலும் அந்தப் படத்தை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாமல் திகைத்துப் போகும். சைக்கிள்காரனைக் கட்டுப்படுத்த வேறு சட்டமே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை, தேடினால் அகப்படும். தேடுவார்தான் இல்லை.

மதுரைக்குக் கிழக்கே ஒத்தக்கடையைத் தாண்டி யானைமலை அடிவாரத்தில் நரசிங்கம் என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே மலையைக் குடைந்து செய்த நரசிம்மர் கோயில் கி.பி. 770-ஐ ஒட்டியது, பாண்டியனின் மந்திரி மாறன் காரி என்பவர் அதைத் தொடங்கினார், முடிவதற்குள் அவர் காலமாகிவிட, தம்பி மாறன் எயினன் முடித்துவைத்தார். (மேம்பால வேலைகள் நீண்டுகொண்டே போவதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளும் என் நண்பர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.) அந்தச் சந்நிதியில் நின்ற ஒரு சமயத்தில்தான், மதுரைச் சைக்கிள்காரனின் தத்துவம் எனக்குப் பிடிபட்டது. இரணியன் வாங்கிய வரம் வக்கீல்கள் கூடி எழுதிய பத்திரத்துக்கு நிகரானது: மனிதனாலும் மிருகத்தாலும் சாவில்லை, உள்ளேயும் வெளியேயும் சாவில்லை, பகலிலும் இரவிலும் சாவில்லை. ஒவ்வொரு ஷரத்துக்கும் இடையில் மிச்சமிருந்த இடைவெளியில் எழுந்தருளினார் நரசிம்மர். நம் சைக்கிள்காரனும் அப்படியே. வண்டி என்றால் வண்டியுமல்லன், பாதசாரி என்றால் பாதசாரியுமல்லன். தார்ச்சாலையிலும் போவான், நடைமேடையிலும் போவான். சிவப்பு விழுந்தால் சட்டென்று இறங்கி இரண்டு எட்டு சைக்கிளைத் தள்ளுவான், அந்த இரண்டு எட்டுக்கும் அவன் நடந்துபோகிற மனிதன், சட்டம் அவனைத் தொடாது. கோட்டைத் தாண்டியதும் மறுபடி ஏறிவிடுவான். பகலுமல்லாத இரவுமல்லாத அந்தியின் ஸ்தானத்தில் மஞ்சள் விளக்கு இருக்கவே இருக்கிறது.

ஆனால் சட்டமும் சைக்கிளும் எக்காலத்திலும் இப்படி முகமறியாமல் இருந்தவையல்ல என்பதை என் வயதுக்காரர்கள் அறிவார்கள். நாங்கள் பிள்ளைகளாயிருந்தபோது போலீஸ் என்றால் சைக்கிள். சைக்கிள் என்றால் போலீஸ். முனிசிபாலிடியிலும் பஞ்சாயத்திலும் வருஷா வருஷம் வரி கட்டி, அதற்கு அத்தாட்சியாக ஒரு தகர வில்லை வாங்கி சைக்கிளில் மாட்டிக்கொள்ள வேண்டும். வில்லையில்லாத வண்டி பிடிபட்டால் அது ஸ்டேஷன் வாசலில் மற்றக் குற்றவாளி வண்டிகளோடு சாய்ந்து கிடக்கும். 'டபுள்ஸ்' போவது குற்றம். ஆகையால் தூரத்தில் சிவப்புத் தொப்பி தெரிந்த மாத்திரத்தில், பின்னால் கேரியரில் இருப்பவன் குதித்து, அந்நியனைப்போல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்து, தொப்பியைக் கடந்த பிறகு ஓடிவந்து தொற்றிக்கொள்வான். போலீஸ்காரருக்கு இது தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆயினும் அந்த நாடகத்தை ஒருவரும் குலைத்ததில்லை.

இராத்திரியில் விளக்கில்லாமல் போவது அதைவிடப் பெரிய குற்றம். டைனமோ வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள் முன்னால் ஒரு சின்ன மண்ணெண்ணெய் விளக்கைத் தொங்கவிட்டிருப்பார்கள். அதை ஏற்றினால் எண்ணெய் செலவு, ஏற்றாவிட்டால் அபராதச் செலவு என்ற தர்மசங்கடத்துக்குப் பரிகாரமாக, பிடிபட்டவர்கள் எல்லோரும் ஒரே குரலில், "இப்பத்தாங்க, காத்துல அணைஞ்சு போச்சு" என்று சொல்வது வழக்கம். காவலர் மறுபேச்சுப் பேசமாட்டார். விளக்கின் தலையைத் தொட்டுப் பார்ப்பார். சூடிருந்தால் விடுதலை, குளிர்ந்திருந்தால் 'வால்டியூப்' அவர் கைக்குப் போகும், காற்று ஆகாயத்துக்குப் போகும், குற்றவாளி வண்டியைத் தள்ளிக்கொண்டு கால்நடையாக வீட்டுக்குப் போவான். நீதி பரிபாலனம் அவ்வளவு துரிதமாகவும் செலவில்லாமலும் நடந்த காலம் அது. எங்களிடம் ஒழுங்கு இருந்ததென்று நான் சாதிக்க மாட்டேன். பயம் இருந்தது, பயத்துக்குக் காரணமான ஓர் ஆள் எங்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார் என்கிற பாத்தியதையும் இருந்தது. இன்று தலைக்கவசத்துக்கு 1000 ரூபாய் அபராதம் விதிக்கக் கண்கொத்திப் பாம்பாக நிற்கும் காவலரின் பார்வை, நடுவில் புகுந்து போகிற சைக்கிளை ஒரு காற்றலையாகக்கூடப் பொருட்படுத்துவதில்லை.

பொருட்படுத்தினாலும் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழக்கம்போல் நான் காலூன்றி நின்ற ஒரு நாள், நிழற்குடையின் கீழிருந்த காவலர், "சைக்கிள்தானேங்கய்யா, நீங்க போங்க, போங்க" என்று கையை வீசினார். விளக்கோ சிவப்பு. சந்திப்பில் காவலர் நின்று கை காட்டினால் விளக்கைவிட அவர் கைக்கே மதிப்பு என்பது விதி. ஆக, போனால் விளக்கை மீறியவனாவேன், நின்றால் காவலரை மீறியவனாவேன். சட்டத்துக்குக் கீழ்ப்படியும் பொருட்டே சிவப்பு விளக்கைக் கடந்துபோன பாக்கியசாலி இந்த ஜில்லாவில் என்னைத் தவிர வேறொருவர் இருப்பாரா என்பது சந்தேகம்.

நிற்காதவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடுவது அதர்மம். சோழவந்தான் பக்கத்து வெற்றிலைக் கட்டை ஆள் உயரத்துக்குக் கேரியரில் அடுக்கிக்கொண்டோ, இருபக்கமும் பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டோ வருகிறவனுக்கு, நிற்பது பெரிதல்ல; நின்ற பிறகு புறப்படுவதுதான் பெரிது. ஓடுகிற வண்டியை ஓட்டிக்கொண்டே போவதற்கும், நின்ற வண்டியை அசைவிலிருந்து வேகத்துக்குக் கொண்டுவருவதற்கும் உள்ள வித்தியாசத்தை அவனுடைய முழங்கால் நன்றாக அறியும். மோட்டார் நின்று புறப்பட்டால் பெட்ரோல் செலவாகிறது. சைக்கிள்காரன் நின்று புறப்பட்டால் காலையில் தின்ற இட்லி செலவாகிறது, அதற்கு பங்க் எதுவும் வழியில் கிடையாது. அப்படி அரும்பாடு பட்டுப் புறப்பட்டுச் சந்திப்பின் நடுமத்திக்கு வருவதற்குள், மோட்டார்களின் வேகத்தைக் கணக்கிட்டு வைத்த பச்சை முடிந்து, நாலு பக்கமும் அவனை நோக்கி உறுமும். முன்கூட்டியே சிவப்பில் கிளம்பிவிடுகிறவன் அந்த உறுமலுக்குத் தப்புகிறான் என்பதை, கடைசியாக நகர்ந்து நடுவில் அகப்பட்டுக்கொள்கிற எனக்கு மற்றெவரையும்விட நன்றாகத் தெரியும்.

மேல்நாட்டார் இந்த விஷயத்தில் நம்மைப்போல் மௌனம் சாதிக்கவில்லை. உலகத்தின் முதல் போக்குவரத்து விளக்கு 1868-இல் லண்டன் பார்லிமெண்டுக்கு வெளியே காஸில் எரிந்தது. அடுத்த மாதமே வெடித்தது. அதில் காயம் பட்டவர் அதை இயக்கிய போலீஸ்காரரே என்பதைச் சிக்னலை வெறுக்கும் நண்பர்கள் மிகுந்த திருப்தியுடன் எடுத்துச் சொல்வார்கள். சங்கிலியும் சரிசமமான இரு சக்கரமும் உள்ள இன்றைய சைக்கிள் 1885-இல்தான் ஸ்டார்லி என்பவர் கையில் உருவானது. ஆகவே, 'நாங்கள்தான் முதலில் வந்தோம், விளக்கு பின்னால் வந்தது' என்று வாதாட நமக்கு வழியில்லை. ஆனால் அமெரிக்காவில் ஐடஹோ மாகாணத்தார் 1982-லேயே, 'நில்' என்ற பலகையைச் சைக்கிள்காரன் 'பார்த்துப் போ' என்று பொருள் கொள்ளலாம் எனச் சட்டமே செய்துவிட்டார்கள். பாரிஸ் நகரத்தார் 2015-இல், குறிப்பிட்ட சில சந்திப்புகளில் தனிப் பலகை மாட்டி, சைக்கிள் மட்டும் சிவப்பில் போகலாம் என்று அனுமதித்தார்கள். மதுரை அந்த விவேகத்தை எவ்விதச் சட்டமும் பலகையும் செலவும் இல்லாமல் எல்லாச் சந்திப்புகளிலும் எல்லோருக்குமாக எப்போதோ அமல்படுத்திவிட்டது.

நிற்கவேண்டிய இடங்களிலெல்லாம் நின்று போகிறவர் என்று இந்நகரத்துச் சாலைகளில் நான் மனப்பூர்வமாகச் சிபாரிசு செய்யக்கூடியவர் ஒருவரே, அவர் கள்ளழகர். அழகர்மலையிலிருந்து வைகைக்கு வரும் வழிநெடுக அவருக்கு நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். எவ்வளவு தாமதமானாலும், எதிர்சேவைக்கு மூன்றுமாவடியிலும் தல்லாகுளத்திலும் எத்தனை லட்சம் ஜனங்கள் காத்துக்கிடந்தாலும், ஒரு மண்டபத்தையும் 'யாரும் பார்க்கவில்லை' என்று தாண்டிப் போகமாட்டார். தங்கை மீனாட்சிக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்ற செய்தி அவருக்கு வழியிலேயே வந்து சேர்வதற்கு அந்த ஒழுங்குதான் காரணமோ என்று ஒரு பட்டர் சுவாமியிடம் விநயமாகக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

சமீபத்தில் ஒரு மாலையில் எனக்குப் பக்கத்தில் இன்னொரு சைக்கிள் வந்து நின்றது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற சைக்கிள். ஏறியிருந்தவன் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்த பையன். விளக்கோ சிவப்பு, முன்னால் தடையேதுமில்லை, ஆயினும் நிற்கிறான். வாழ்நாளில் முதல் தடவையாக எனக்கு ஒரு சகதர்மி வாய்த்தான் என்ற ஆனந்தத்தில், "நல்ல பிள்ளையப்பா, இப்படித்தான் நிக்கணும்" என்றேன். "ஆமாங்க தாத்தா, கார்த்தி இன்னும் வரல" என்றான் அவன். அந்தக் கார்த்தி என்பவன் மூச்சிரைக்க ஓடிவந்து கேரியரில் தாவி உட்கார்ந்தான். டபுள்ஸ், இருட்டிவிட்டது, விளக்கும் இல்லை, மேலே சிவப்பு அசையாமல் எரிகிறது. மூன்று யுகத்துக் குற்றங்களையும் ஒரே மிதியில் முடித்துவிட்டு அக்கரை போய்ச் சேர்ந்த அந்தப் பையன், நான் இன்னும் அங்கேயே நிற்பதைத் திரும்பிப் பார்த்து, உண்மையான கருணையோடு கையை ஆட்டிக் கூவினான்:

"தாத்தா, போலீசு யாரும் இல்ல, சும்மா வாங்க!"