டாக்டர் தம்பிக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்

எம்.பி.பி.எஸ். முதலாண்டில் காலடி வைத்த நாளிலிருந்து நீங்கள் படிக்கிற அழகைப் பார்த்துப் பூரித்துப் போனவர்களில் நானும் ஒருவன், டாக்டர் தம்பி. தங்கப்பதக்கம் எல்லாம் பிறகு வரும், வராமலும் போகும். அதற்காக உங்கள் உழைப்பு ஊருக்குத் தெரியாமல் போகலாமா? ஆகவே இந்தப் பத்திரம்.

முதலில் உங்கள் நூல் செல்வம். உடற்கூறியலுக்குச் சௌராசியா, அது போதாதென்று கிரே. உடலியங்கியலுக்குக் கைட்டன், கானாங், செம்புலிங்கம். உயிர்வேதியியலுக்கு ஹார்ப்பர், வாசுதேவன், சத்யநாராயணா. பாடத்துக்கு ஒரு புத்தகம் என்று வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் புரட்டுவது வசதியில்லாதவர்கள் செய்கிற வேலை. நீங்கள் அத்தனை புத்தகத்திலும் முதல் அத்தியாயத்தை முடித்த பெருமைக்குரியவர். செல் சவ்வைப் பற்றி எந்த ஆசிரியர் எப்படி ஆரம்பிக்கிறார் என்று ஒப்பிட்டுச் சொல்ல உங்களை விட்டால் ஆளில்லை. இரண்டாம் அத்தியாயத்தைப் பற்றிக் கேட்பவர்கள் பொறாமைக்காரர்கள்.

தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவனுடைய படைக்கொட்டிலில் வேல்களெல்லாம் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிய மேனியோடு காவலில் இருந்ததைக் கண்டு மெச்சினார் என்கிறது புறநானூறு. அந்த மெச்சலுக்கு இன்று முழுத் தகுதி உள்ள இடம் உங்கள் ஹாஸ்டல் அலமாரி. ஒரு பக்கத்தின் மூலைகூட மடங்கவில்லை. பைண்டிங் உடையவில்லை. அட்லஸைத் திறந்தால் இன்னும் அச்சு மை மணக்கிறது.

ஒரேயொரு ஆயுதத்தைத்தான் நீங்கள் ஓயாமல் சுழற்றினீர்கள்: ஹைலைட்டர். தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள், முக்கியமானதற்கு இளஞ்சிவப்பு, மிக முக்கியமானதற்கு ஆரஞ்சு. செப்டம்பர் மாதம் பக்கத்துக்கு நாலு வரியில் நிறம் இருந்தது. இன்டர்னல் தேர்வு நெருங்கியபோது நிறமில்லாத வரி நாலுதான் மிஞ்சியிருந்தது. எந்த வரிக்கும் வஞ்சனை செய்யாத இந்தச் சமநீதியை வேறு எங்கே பார்க்க முடியும்?

இதன் அருமை தெரியாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். 1885-ல் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, கணக்கு எழுதிவைத்தார். மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே கழன்றுவிடுகிறதாம். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு பத்தியைச் சில மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பப் படிக்கக் கொடுத்தார்கள். வேறு சிலரை ஒரு தடவை படிக்கவைத்து, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கே வெற்றி. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வேலை இல்லாமல் ஒரு வாரம் கழித்தும் சோதித்தார்கள். அப்போது மூடிவைத்து எழுதியவர்கள் நன்றாக முந்திவிட்டார்கள். ஆனாலும் 'எனக்கு நன்றாக நினைவிருக்கும்' என்ற தன்னம்பிக்கையில் திரும்பத் திரும்பப் படித்தவர்களை யாராலும் அசைக்க முடியவில்லை. தம்பி, அந்தத் தன்னம்பிக்கைக் கட்சியில் நீங்கள் பிறவி உறுப்பினர். 2013-ல் டன்லோஸ்கி குழுவினர் படிப்பு உத்திகள் பத்தை எடைபோட்டு, கோடு போடுவதையும் மறுபடி படிப்பதையும் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். உங்கள் ஆரஞ்சு நிறத்தை அவர்கள் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அடுத்து டிஸெக்‌ஷன் ஹால். தன் உடலைத் தானமாகக் கொடுத்துவிட்டு ஒரு பெரியவர் மேஜையில் படுத்திருக்கிறார். அவரே எங்கள் முதல் ஆசிரியர் என்று முதல் நாள் எல்லோரோடும் சேர்ந்து உறுதிமொழி எடுத்தீர்கள். ஆசிரியரைத் தொடுவது மரியாதை இல்லை என்பதால் கடைசி வரை தொடவே இல்லை. ஃபார்மலின் கண்ணை எரிக்கும். எரியாத தூரம் எது என்று கண்டுபிடித்து, மூன்றாம் வரிசையில் கன்னிங்ஹாம் கையேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். முன்வரிசைக்காரர்கள் கையுறையெல்லாம் கொழுப்பாகி, எது நரம்பு எது நார் என்று தடவித் தடவித் திண்டாடினார்கள். நீங்களோ அன்றிரவே அதே பகுதியை இரட்டை வேகத்தில் யூடியூபில் பார்த்து முடித்தீர்கள். அதில் நரம்பெல்லாம் மஞ்சளாகவே இருந்தது.

அந்தப் பயிற்சி வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் ஜொலித்ததே! தேர்வாளர் ஒரு காறை எலும்பை எடுத்து உங்கள் கையில் கொடுத்தார். கிடைமட்டமாகக் கிடக்கும் ஒரே நீள எலும்பு, கருவில் முதன்முதலாக எலும்பாகத் தொடங்குவது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தீர்கள். "சரிப்பா, இது வலதா, இடதா?" என்றார். தோள் பக்கம் இருக்கவேண்டிய சப்பை முனை உங்கள் கழுத்தைப் பார்த்தது. கீழே பார்க்கவேண்டிய பள்ளம் மின்விசிறியைப் பார்த்தது. "இடது மேடம்… இல்ல, வலது மேடம்." அதற்கான விடை இடப்பக்கத்தில், கீழிருந்து இரண்டாம் பத்தியில், இளஞ்சிவப்பில் இருக்கிறது என்பது வரை உங்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அங்கே என்ன எழுதியிருந்தது என்ற சில்லறை விஷயம் மட்டும்தான் பாக்கி.

தொழில்நுட்பத்திலும் நீங்கள் முன்னோடி. டெலிகிராமில் சீனியர் அண்ணன்கள் போட்ட குறிப்புகளில் ஒன்று விடாமல் போனில் இறக்கிவைத்திருக்கிறீர்கள். ஆங்கி செயலியில் ஆயிரக்கணக்கான கேள்வி-விடை அட்டைகள். கேள்வி வந்ததும் யோசித்துத் திண்டாடாமல் விடையைத் திறந்து பார்த்து, 'இது தெரிந்ததுதானே' என்று சுலபம் பொத்தானை அழுத்தும் உங்கள் வேகம் யாருக்கும் வராது. கட்டிலுக்கு மேலே கிரெப்ஸ் சுழற்சிப் படம் ஒட்டியிருக்கிறது. 1937-ல் அதைக் கண்டுபிடித்த ஹான்ஸ் கிரெப்ஸுக்கு அடுத்தபடியாக அதை நன்றாக அறிந்தது அந்தச் சுவர்தான்.

தூக்கத்தைத் தியாகம் செய்தீர்களே, அதை எப்படிப் பாராட்டுவது! பகலில் படித்ததை மூளை பதியவைக்கத் தூக்கம் வேண்டும் என்கிறது உடலியங்கியல். தூக்கத்தைப் பற்றிய அந்த அத்தியாயத்தைத்தான் விடிய விடிய விழித்திருந்து கோடு போட்டீர்கள். காலை எட்டு மணி வகுப்பில் அதைச் செய்முறையாகவும் செய்து காட்டினீர்கள். தியரிக்கு எழுபத்தைந்து சதவீதம், செய்முறைக்கு எண்பது சதவீதம் வருகை வேண்டும் என்பது விதி. உடல் வந்திருந்ததால் விதி நிறைவேறியது.

உங்கள் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வந்தவள். அவளுக்கு ஒழுங்கு என்பதே கிடையாது. பாடத்துக்கு ஒரே புத்தகம். அதுவும் சீனியர் அக்காவுடையது, அட்டை கிழிந்து டீக்கறை படிந்தது. அதையும் பாதி நேரம் மூடியே வைத்திருக்கிறாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கைக்கு வரும் நரம்புப் பின்னலை ஐந்து வேர், மூன்று தண்டு என்று நினைவிலிருந்தே வரைகிறாள். தப்பாக வரைகிறாள்! பிறகு புத்தகத்தைத் திறந்து சிவப்புப் பேனாவில் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறாள். மறுநாள் இன்னொரு தாள், அடுத்த வாரம் இன்னொன்று. அத்தனை காகிதம் வீண். எலும்பைக் கையில் எடுத்தால் தன் தோளில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் இல்லை. வகுப்பு முடிந்ததும் நேரே போய் "புரியல மேடம், இன்னொரு தடவை சொல்லுங்க" என்கிறாள். இங்கிலீஷ் சொல் தெரியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவளிடமே கேட்டுவிடுகிறாள். உங்களுக்கு இந்த வெட்கக்கேடு ஒருநாளும் நேர்ந்ததில்லை. புரியாததை எல்லாம் கௌரவமாக உங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டீர்கள். இன்டர்னலில் தேறாததை வீட்டுக்குக்கூடச் சொல்லாத பெருந்தன்மை உங்களுடையது. அவளோ ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் அழுதுவிட்டு, பதினோரு மணிக்குத் தூங்கிப்போகிறாள்.

ரிசல்ட் வந்தது. அவள் தேறிவிட்டாள், இனி அவளுக்கு முதலாண்டு இல்லை, பாவம். முதலாண்டைத் தாண்ட விதி நான்கு முயற்சிகள் வரை இடம் கொடுக்கிறது. கொடுத்ததை வாங்காமல் விடுவது அவமரியாதை என்று இரண்டாவது முயற்சிக்கும் பணம் கட்டிவிட்டீர்கள். நேற்று புது ஹைலைட்டர் செட் வாங்கியதாகவும் கேள்விப்பட்டேன். இந்தத் தடவை ஊதா நிறமும் இருக்கிறதாம்.

நீங்கள் பட்டம் வாங்கி ஆஸ்பத்திரி திறக்கும் நாளில் மாலையோடு முதல் ஆளாக வந்து நிற்பேன், தம்பி. ரிப்பன் வெட்டச் சொன்னால் வெட்டுவேன். மைக் கொடுத்தால் இந்தப் பத்திரத்தையே வாசிப்பேன். ஒரே ஒரு உதவி. கொஞ்ச நாளாக எனக்குத் தோள்பட்டையில் வலி. அந்தப் பெண் எந்த ஊரில் பார்க்கப்போகிறாள் என்று மட்டும் கேட்டுச் சொல்லிவிடுங்கள்.