முகூர்த்த நேரத்து நிறங்கள்

கலர் பிலிம் ரோலை அதன் ஆலையிலேயே பகல் வெளிச்சத்துக்கென்று 5500 கெல்வினுக்குப் பொருத்தி அனுப்பிவிடுவார்கள். கேமராவில் போட்டு மூடிவிட்டால் 36 படமும் தீரும்வரை அதற்கு ஒரே பார்வைதான். குண்டு பல்பின் கீழே உட்கார்ந்த பாட்டி செம்மஞ்சளாக வருவார், டியூப்லைட் அடியில் பந்தி பரிமாறுகிறவர் முகத்தில் பச்சை படரும், மர நிழலில் நின்ற குழந்தை லேசாக நீலம் பூத்திருக்கும். உங்கள் வீட்டுப் பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள், மூன்று பேரும் அகப்படுவார்கள். பிளாஷ் எட்டிய தூரம்வரை வெள்ளை, அதற்குப் பின்னால் மண்டபமே மஞ்சள்.

மாற்ற வழி இருந்தது. 80ஏ என்ற நீலக் கண்ணாடி பில்டரை லென்ஸில் திருகினால் 3200 கெல்வின் ஆலஜன் வெளிச்சம் பகலாகிவிடும். ஆனால் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கிவிடும், தாலி கட்டும் நேரத்தில் அதற்கு ஏது இடம்? மிச்சத்தை லேப்காரர் பார்த்துக்கொள்வார் என்று நெகடிவை அவர் கண்ணை நம்பிக் கொடுத்துவிட்டு, மஞ்சளையும் மெஜந்தாவையும் கூட்டிக் குறைத்து அவர் போடும் பிரிண்டுக்காகக் காத்திருந்த நாட்களின் அந்த ஆவல், உறையைப் பிரிக்கும்போது மூக்கில் ஏறும் அந்த மருந்து வாசனை, இன்று எந்தத் திரையிலும் கிடைப்பதில்லை.

இப்போது ஒயிட் பேலன்ஸ் விரல்நுனியில். சாம்பல் அட்டையைக் காட்டினால் கேமராவே கணக்குப் போட்டுக்கொள்கிறது. ரா கோப்பாக எடுத்தால் நிறத்தை வீட்டுக்குப் போய் முடிவுசெய்யலாம். டியூப்லைட் பச்சை ஒழிந்து, நம் மாநிற முகங்கள் மாநிறமாகவே பதிவதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் தானியங்கிக்கு விட்டால் ஐந்து மணி முகூர்த்தமும் பகல் பதினொரு மணிபோல் ஆகிவிடுகிறது. உள்ளே மணவறையில் விளக்கின் பொன்னிறம், வாசலில் விடியாத வானத்தின் நீலம். அந்த நீலம் 10,000 கெல்வினையும் தாண்டும். இரண்டும் சேர்ந்ததுதானே அந்த வேளை! அதனால் நான் தானியங்கியை நிறுத்திவிட்டு 4000-இல் வைக்கிறேன். உள்ளே பொன்னும் வெளியே நீலமும் அதனதன் இடத்தில் நிற்கின்றன.

மஞ்சளை எடுத்துவிடச் சொல்லும் வீடுகளுக்கு எடுத்துத்தான் தருகிறேன், நொடி வேலை அது. எடுக்காத பிரதியையும் அவர்கள் கேட்காமலே கூடச் சேர்த்துவிடுகிறேன்.