தபால்பெட்டி டவுசரும் லினன் சட்டையும்

1988-ல் பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு இப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மகள் கல்யாணத்துக்கே மனைவி எடுத்து வைத்ததை மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டு நின்றவர். தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் பொங்கலுக்குத்தான் பிரிப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர், "பழைய மாணவர் சந்திப்பு, மே மாதம் இரண்டாவது ஞாயிறு, வராதவன் செத்தான்" என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி விழுந்த அன்று ராத்திரியே பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறார். பட்டுச் சட்டை போட்டால் சம்பந்தி மாதிரி இருக்கிறது. கட்டம் போட்ட சட்டை பாலிசி பிடிக்க வந்தவர் மாதிரி காட்டுகிறது. டி-ஷர்ட்டோ வயிற்றுக்கு விளம்பரப் பலகை. கடைசியில் கடைக்குப் போய், பார்ப்பதற்குப் பழசு போலவும் விலையில் புதுசு போலவும் இருக்கும் ஒரு லினன் சட்டையை 'ஸ்லிம் ஃபிட்' என்று கேட்டு வாங்குகிறார். அந்தக் காலத்தில் அவருடைய அப்பா தையல்காரரிடம், "வளர்ற பய, கொஞ்சம் தாராளமாவே தைங்க" என்று சொல்லி, டவுசரின் ஓரத்தில் நாலு விரற்கடை துணியை மடித்து வைக்கச் சொன்னார். துணி பெரிசு, பையன் சின்னவன். இப்போது அது தலைகீழாகிவிட்டது.

இத்தனை பாடும் எதற்கு? அழகுக்காக இல்லை. கணக்கில் முப்பத்தாறு மார்க் வாங்கியவன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவன், பட்டப்பெயராலேயே அழைக்கப்பட்டவன் என்று அந்த வகுப்பு அன்றைக்குத் தீர்ப்பு எழுதிவிட்டது. லினன் சட்டை அந்தத் தீர்ப்புக்கு எதிராகப் போடும் மறுகூட்டல் விண்ணப்பம். விண்ணப்பத்தில் தவறில்லை, போய்ச் சேரும் அலுவலகம்தான் தவறு. அங்கே வருகிற யாரும் சட்டையைப் பார்க்கப்போவதில்லை. ஆகவே துவைத்துத் தேய்த்த, உடம்புக்குப் பழகிய, போன வாரம் வேலைக்குப் போட்டுப்போன அரைக்கைச் சட்டையே போதும் என்பது என் கட்சி.

இதற்குச் சாட்சி வெளிநாட்டிலிருந்தே இருக்கிறது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 2000-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மாணவனுக்கு, போட்டுக்கொள்ளவே கூச்சப்படும்படியாக, பாரி மனிலோ என்ற பாடகரின் படம் போட்ட பனியனை மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டதற்கு, போட்டிருந்தவர்கள் சொன்னது பாதிக்குப் பாதி. நிஜத்தில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பவர்களுக்கு உள்ளூர்ச் சாட்சியும் உண்டு. தமிழ்நாட்டில் பழைய மாணவர் சந்திப்புகளுக்குப் புது மவுசு கொடுத்தது 2018-ல் வந்த '96' படம். அதில் நாயகி ஜானு போட்டிருந்த மஞ்சள் குர்தாவைப் படம் பார்த்த எல்லோரும் சொல்வார்கள். அதைப் பார்த்துத் தைத்துக்கொண்டவர்களும் உண்டு. நாயகன் ராம் என்ன சட்டை போட்டிருந்தான் என்று கேட்டுப் பாருங்கள். ராமாக வந்த விஜய் சேதுபதியின் சட்டைக்கே அந்தக் கதி என்றால், நம் மனிதரின் லினனை யார் நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்?

"கார்னெலில் அது முன்பின் தெரியாதவர்கள் இருந்த அறை ஐயா, இங்கே வருகிறவன் எல்லாம் பார்ப்பதற்கென்றே வருகிறான்" என்று மறுக்கலாம். நியாயம்தான், பார்க்கத்தான் வருகிறார்கள். ஆனால் பார்வை போகும் வழி வேறு. முதலில் தலை: முடி இருக்கிறதா, இருந்தால் அது சொந்த நிறமா. டை அடித்தவருக்குக் காதோரம் ஒட்டியிருக்கும் கறுப்பு, சட்டையின் விலையைவிடச் சத்தமாகப் பேசும். அடுத்து நேரே வயிறு. அங்கிருந்து திரும்பி முகத்துக்கு வந்து, அந்த முகத்துக்குள் எங்கேயோ ஒளிந்திருக்கும் பதினைந்து வயதுப் பையனைத் தேடுகிறார்கள். கிடைத்துவிட்டால், "டேய், தபால்பெட்டி!" என்று ஒரு கூப்பாடு. டவுசரின் பின்பக்கம் கிழிந்து, உள்ளே ஒரு கடிதத்தைப் போடலாம் போலத் தொங்கிக்கொண்டிருந்த காலத்துப் பெயர் அது. அந்த நொடியில் லினன் காணாமல் போய்விடுகிறது. காக்கி டவுசரும், பித்தான் இருந்த இடத்தில் ஊக்கும், பையின் அடியில் மைக்கறையுமாகத்தான் அவர் எல்லோர் கண்ணுக்கும் நிற்கிறார்.

வேட்டி கட்டலாமே என்பார்கள். 2014-ல் சென்னையில் வேட்டியோடு வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரை ஒரு கிளப் வாசலிலேயே நிறுத்தியது. அந்த வருஷமே, வேட்டி கட்டியவரைத் தடுக்கக் கூடாது என்று சட்டசபை சட்டம் போட்டது. எனவே உரிமை இருக்கிறது. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரோ இளையராஜா பாட்டைப் போட்டு, "வா மாப்ள ஆடலாம்" என்று இழுப்பார்களே, அந்த நேரத்துக்குச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. 'ஒட்டிக்கோ கட்டிக்கோ' வேட்டியை நம்பித்தான் இறங்க வேண்டும். இன்னொன்று, வெள்ளையும் சொள்ளையுமாகப் போய் நின்றால் கவுன்சிலர் என்று நினைத்துப் பட்டா மாறுதலைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

வலுவான மறுப்பு ஒன்றுதான்: எல்லோருக்கும் ஒரே டி-ஷர்ட் அடித்துவிட்டால் வம்பே இல்லையே? ஏழை பணக்காரன் என்ற வித்தியாசம் வகுப்பறையில் தெரியக் கூடாது என்றுதான் காமராசர் ஆட்சியில் பள்ளிச் சீருடை பரவியது, அதே மருந்துதானே இது என்று குழு நிர்வாகி கேட்பார். மருந்து அதுவேதான், நோயாளிதான் மாறிவிட்டார். சீருடை நம்மை மறைத்த வயதில் எல்லோருக்கும் ஒரே இடுப்பு. இன்றைக்கு 'அளவு சொல்லுங்கள்' என்று குழுவில் கேட்டதும் விழும் மீடியம், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் பட்டியல், மார்க் லிஸ்ட்டை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய மாதிரி இருக்கிறது. அதற்கு மேல், ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் ஜிபே செய்யச் சொல்கிறார்கள். அனுப்பியவர் பெயருக்கு நேராகப் பச்சை டிக். அனுப்ப முடியாதவர் ஒருவர் இருப்பார். காய்கறி வண்டி தள்ளுகிறவராகவோ, சம்பளம் நின்றுபோன மில்லில் இருந்தவராகவோ இருக்கலாம். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், "அன்னைக்கு ஊர்ல ஒரு விசேஷம் மாப்ள" என்று மட்டும் எழுதுவார். அவர் வராமல் போனது அந்த டிக்காலும், குழுவில் நாலு நாளாக ஓடிய சட்டைப் பேச்சாலும்தான். சாதாரணச் சட்டை என்பது அவரும் வந்து உட்கார இடம் விடுகிற சட்டை. வாத்தியார்களுக்கு மரியாதை வேண்டாமா என்றால், வேண்டும். அதைப் பொன்னாடை பார்த்துக்கொள்ளும். உங்கள் பித்தானுக்குப் பதில் இருந்த ஊக்கைத் தினமும் பார்த்தவர்கள் அவர்கள்.

ஆகவே பழைய சட்டையையே தேய்த்துப் போட்டுக்கொண்டு போங்கள், ஆனால் அதில் பை இருக்கட்டும். டி-ஷர்ட்டில் அது கிடையாது. வெள்ளெழுத்துக் கண்ணாடியை அதில் வைத்துக்கொள்ளுங்கள். பழுப்பேறிய குரூப் போட்டோவை யாராவது ஒருவர் கட்டாயம் கொண்டுவருவார், கண்ணாடி இல்லாமல் தரையில் உட்கார்ந்திருக்கும் வரிசையில் உங்களை உங்களுக்கே தெரியாது.