தொடாம சுத்துற தண்டு

ஏலே பேராண்டி, இப்படி வந்து உக்காரு. உங்க ஆபீஸ் ஏசி கம்ப்ரசருக்குள்ள தண்டு எதையும் தொடாம அந்தரத்துல சுத்துதுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரியுதியாமே? நீயாலே தூக்கிப் பிடிச்சிருக்கே?

விசயம் இல்லாம இல்ல. மோட்டாரும் குளிரூட்டுற வாயுவ அமுக்குற சக்கரமும் ஒரே தண்டுல. நடுவுல கியர் கிடையாது. நிமிசத்துக்கு 40,000 சுத்து வரைக்கும் போற ரகமும் உண்டு. மாட்டுவண்டி அச்சுக்கு மசை போடுத மாதிரி இதுக்கு எண்ணெய் ஊத்தினா, எண்ணெய் வாயுவோட கலந்து குழாய்க்குள்ள படிஞ்சு குளிர்ச்சியக் கெடுக்கும். அதான் தண்டத் தாங்க காந்தம்.

காந்தம்னா சும்மா நிக்குமா? வெறும் நிலைக்காந்தத்த வச்சு ஒண்ண அந்தரத்துல அசையாம நிறுத்த ஏலாதுன்னு 1842-லயே ஏர்ன்ஷான்னு ஒரு இங்கிலீஷ் பாதிரியார் கணக்குப் போட்டுக் காட்டிட்டாரு. அதனால மின்காந்தம். தண்டு மயிரிழை விலகுனா சென்சார் சொல்லும், கரண்டு கூடும் குறையும். நொடிக்குப் பல ஆயிரம் தடவ இதே சோலி.

இப்பச் சொல்லு. தொடவே தொடாதுங்கிறவன், அடியில எதுக்குலே பழைய குண்டு பேரிங்க ஒளிச்சு வச்சிருக்கான்? ஆனைக்கும் அடி சறுக்கும்னு அவனுக்குத் தெரியும். பீத்துறவன் அதச் சொல்ல மாட்டான். கரண்டு போச்சுன்னா, சுத்துற வேகத்துலயே மோட்டார ஜெனரேட்டரா மாத்தி, அந்தக் கரண்டுலயே காந்தத்துக்குத் தீனி போட்டு, வேகம் அடங்குனதும் தண்ட மெதுவா அந்தப் பேரிங்குல உக்கார வைக்கிற ரகமும் இருக்கு. அத யோசிச்சவன் கெட்டிக்காரன். அவன் கையில மோதிரமே போடலாம்.

நார்வேக்காரன் 2015-ல ஓஸ்கார்டு எரிவாயு வயலுல, கடலுக்கு அடியில 300 மீட்டர் ஆழத்துல இப்படி ரெண்டு கம்ப்ரசர இறக்கினான். ஒவ்வொண்ணும் 11.5 மெகாவாட். அங்க எவன்லே முங்கிப் போயி எண்ணெய் மாத்துவான்? அவனுக்குத் தேவை, செஞ்சான்.

உனக்கு? சுமை குறையுறப்ப வேகத்தக் குறைச்சாத்தான் இந்த மிசினுல கரண்டு நல்லா மிச்சம். நீ ஏசிய 18-ல வச்சுக்கிட்டு, கதவத் தொறந்து போட்டு, கம்பளிச் சட்டையும் மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கே. அது எங்கலே வேகத்தக் குறைக்கும்?

போ. மொதல்ல கதவச் சாத்து. அப்படியே 25-ல வையி.